ஒரு அரசு கொடுக்கிறது, இன்னொரு அரசு தடுக்கிறது: இ-சிகரெட் விஷயத்தில் யார் பேச்சைக் கேட்பது?

வாசகர் கடிதம்:

"எனக்கு 46 வயது. இருபது வருடத்துக்கு மேலாகப் புகைப்பழக்கம். இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையே அதுதான். நிகோட்டின் சூயிங்கம் இரண்டு முறை முயன்று பார்த்தேன், தொண்டை எரிந்ததுதான் மிச்சம். பிரிட்டனில் இருக்கும் என் மைத்துனருக்குப் புகை நிறுத்த உதவும் மையத்திலேயே இ-சிகரெட்டை இலவசமாகக் கொடுத்தார்களாம். அவர் சிகரெட்டை விட்டு ஒரு வருடமாகிறது. ஆனால் பல நாடுகள் அதற்குத் தடை போட்டிருக்கின்றன. ஒரே பொருள் ஓர் இடத்தில் மருந்து, இன்னோர் இடத்தில் குற்றமா? சிகரெட்டைத் தாராளமாக விற்கவிட்டு, இதை மட்டும் தடுப்பது என்ன நியாயம்? நான் என்ன செய்யட்டும், டாக்டர்?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அரசுகள் ஏன் ஆளுக்கொரு திசையில் இழுக்கின்றன என்பது ஒன்று. நீங்கள் என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்வி தீர்ந்தால்தான் இரண்டாவதில் இறங்க முடியும் என்று நினைத்து, புகையை நிறுத்த என்னிடம் வருகிறவர்களில் பலர் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். காத்திருக்கும் நேரமெல்லாம் சிகரெட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கான சிகிச்சை எந்த நாட்டுச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

முதலில் ஒரு திருத்தம். பிரிட்டனிலும் அது மருந்து இல்லை. உங்கள் மைத்துனர் கையில் வாங்கியது சட்டப்படி ஒரு நுகர்பொருள்தான். 2023-ல் பிரிட்டிஷ் அரசு பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு இ-சிகரெட் தொகுப்பு கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. அவர் பெற்றது அநேகமாக அதன்கீழ் இருக்கும். அந்தத் தொகுப்போடு ஆலோசனையும் தொடர்ந்த கவனிப்பும் சேர்ந்து வரும். கதை சொல்கிறவர்கள் கருவியை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

மருந்தாக உரிமம் பெற்ற இ-சிகரெட்டே கிடையாதா என்றால், ஒன்று இருந்தது. 2015-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இ-வோக் என்ற கருவிக்கு உரிமம் கொடுத்தது. உரிமம் பெற்றது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ குழுமம், அதாவது சிகரெட் செய்கிற அதே குழுமம். கடைசிவரை அது விற்பனைக்கு வரவே இல்லை. மருந்துக்கான கட்டுப்பாடுகளையெல்லாம் சுமந்துகொண்டு மருந்துக் கடைக்குப் போவதைவிட, சாதாரணப் பொருளாக எல்லாக் கடையிலும் விற்பது எந்த நிறுவனத்துக்கும் லாபம்தானே.

அமெரிக்காவில் நடந்தது இதைவிட வேடிக்கை. அங்கே உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இ-சிகரெட்டை அங்கீகாரம் பெறாத மருந்து என்று சொல்லி இறக்குமதியைத் தடுக்கப் பார்த்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், "இது புகையை நிறுத்த உதவும் என்று சொல்லி விற்றால்தான் மருந்து, அப்படிச் சொல்லாமல் விற்றால் புகையிலைப் பொருள்" என்று தீர்த்துவிட்டது. இதன் பலன் என்ன தெரியுமா? நோயாளிக்கு உதவும் என்று வாய்திறந்து சொல்கிறவன் அதை நிரூபித்தாக வேண்டும். வாய்மூடி விற்கிறவனுக்கு அந்தச் சுமை இல்லை. சில கருவிகளுக்கு 2021 முதல் விற்பனை அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் அனுமதி கொடுத்த அதே நிர்வாகம், இந்த அனுமதிக்குப் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை என்றும் கூடவே சொல்கிறது. புகை நிறுத்தும் சிகிச்சையாக ஒரு இ-சிகரெட்டையும் அது அங்கீகரிக்கவில்லை.

ஆஸ்திரேலியா நடுவழியை முயன்று பார்த்தது. 2021 அக்டோபர் முதல் டாக்டர் சீட்டு இருந்தால்தான் நிகோட்டின் உள்ள வேப் (இ-சிகரெட்டுக்கு இன்னொரு பெயர்) கிடைக்கும் என்றார்கள். 2024 ஜூலை முதல் மருந்துக் கடைகளைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது என்றார்கள். அதே 2024 அக்டோபரிலிருந்து 18 வயது நிரம்பியவர் மருந்தாளரிடம் பேசி, சீட்டு இல்லாமலே வாங்கலாம். புகையிலை, புதினா, மெந்தால் சுவைகள் மட்டும். மருந்துக் கடைக்குள் வைத்திருந்தாலும், அங்கேயும் அவை முறைப்படி சோதித்து அங்கீகரித்த மருந்துகள் அல்ல. காகிதத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆனால் கள்ளச் சந்தையை அடக்க முடியாமல் அந்த நாடு திணறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியா 2019-ல் கதவை முழுவதுமாகச் சாத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், 2018 முதல் வைத்திருப்பதையும் இழுப்பதையுமே குற்றமாக்கிவிட்டது.

மருந்து உரிமம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். கருவியைப் பிரித்துப் பார்த்தால் புரியும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதைச் சுற்றியோ ஊடுருவியோ ஒரு பஞ்சுத் திரி. திரி ஊறியிருக்கும் திரவம் புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், சுவையூட்டி இவற்றின் கலவை. இழுத்ததும் சுருள் சூடாகித் திரவம் ஆவியாகிறது. எவ்வளவு நிகோட்டின் உள்ளே போகிறது என்பது சுருளின் சூடு, இழுப்பின் நீளம், திரவத்தின் அடர்த்தி, திரியின் ஈரம் எல்லாவற்றையும் பொறுத்தது. திரி காய்ந்து சுருள் அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் கூடுகின்றன. 2 மில்லிகிராம் சூயிங்கம் எந்தக் கடையில் வாங்கினாலும் 2 மில்லிகிராம்தான். வேப்பில் அந்த உத்தரவாதம் இல்லை. மருந்து உரிமம் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு இழுப்பிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே தரம்.

சரி, வேலை செய்கிறதா? செய்கிறது. இதை மறைப்பது நேர்மை ஆகாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவின் 2024 தொகுப்பு 88 ஆய்வுகளைப் பார்த்தது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் வகையறாக்களால் 100 பேரில் 6 பேர் ஆறு மாதமோ அதற்கு மேலோ விட்டிருந்தால், நிகோட்டின் உள்ள இ-சிகரெட்டால் 8 முதல் 10 பேர் விடுகிறார்கள் என்றது. ஆதாரம் உறுதியானது என்றும் சொன்னது. பிரிட்டனில் 886 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து இ-சிகரெட் பிரிவில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பேட்ச், சூயிங்கம் பிரிவில் 9.9 சதவீதம்.

ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். வெற்றி பெற்றவர்களில், இ-சிகரெட் பிரிவில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் இ-சிகரெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் பேட்ச், சூயிங்கத்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். சுவிட்சர்லாந்தில் 1,246 பேரிடம் நடந்து 2024-ல் வந்த ஆய்வும் இதே கதைதான். ஆறு மாதத்தில் சிகரெட்டை விட்டவர்கள் இ-சிகரெட் பிரிவில் அதிகம்: 28.9 சதவீதம், ஆலோசனைப் பிரிவில் 16.3. நிகோட்டினையே விட்டவர்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது: இ-சிகரெட் பிரிவில் 20.1, ஆலோசனைப் பிரிவில் 33.7.

உங்கள் மைத்துனர் சிகரெட்டை விட்டுவிட்டார். நல்லது, மனதாரப் பாராட்டுங்கள். வேப்பை விட்டாரா என்று கேட்டீர்களா?

விடாவிட்டாலும் அவருக்கு லாபம்தான் என்பது என் கருத்து. புகையிலை எரியும்போதுதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் வருகின்றன; அந்தப் புகையில் ஏறக்குறைய 7,000 வேதிப்பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் புற்றுநோயை உண்டாக்குபவை மட்டும் 70-க்குப் பக்கம். நிகோட்டின் பழக்கத்துக்கு அடிமையாக்குகிறது; உயிரைக் குடிப்பது பெரும்பாலும் புகை. இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. அதனால் தீங்கு குறைவு என்பதில் பெரிய சண்டை இல்லை. எவ்வளவு குறைவு என்பதில்தான் சண்டை. 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு "சுமார் 95 சதவீதம் தீங்கு குறைவு" என்று சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த எண்ணுக்கு அடிப்படை ஒரு நிபுணர் குழு கூடிப் போட்ட மதிப்பீடு. பல்லாண்டு நோயாளிகளைப் பின்தொடர்ந்து அளந்த எண் அல்ல. இ-சிகரெட் சந்தைக்கு வந்ததே 2003-க்குப் பிறகுதான். சிகரெட்டால் புற்றுநோய் வரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்கிறபோது, இதன் நீண்டகாலக் கணக்கை இப்போதே இத்தனை துல்லியமாகச் சொல்வதை நான் நம்புவதில்லை.

அப்புறம் ஏன் தடை? எனக்குப் புரிந்தவரை, இரண்டு தரப்பும் படிப்பது ஏறக்குறைய ஒரே ஆய்வுகளைத்தான். பார்க்கும் ஆள்தான் வேறு. கொடுக்கிற அரசு, பல வருடம் புகைத்த உங்களைப் போன்றவரைப் பார்க்கிறது. தடுக்கிற அரசு, இதுவரை எதையுமே இழுத்திராத பதினாறு வயதுப் பையனைப் பார்க்கிறது. அந்தப் பயம் கற்பனை இல்லை. 2019-ல் அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய 30 நாட்களில் இ-சிகரெட் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அங்கே பிரபலமாக இருந்த ஜூல் கருவியில் நிகோட்டின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 59 மில்லிகிராம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சட்டம் 20 மில்லிகிராமுக்கு மேல் விடாது. ஒரே நிறுவனம், ஒரே கருவி. சட்டம் மாறியதும் உள்ளே இருந்த நிகோட்டின் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. 2018 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது ஆல்ட்ரியா, அமெரிக்காவில் மார்ல்பரோ விற்கிறவர்கள். புகைப்பவர்களைக் காப்பாற்ற அவர்கள் இத்தனை பணம் போட்டார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனும் சும்மா இல்லை: பள்ளிப் பிள்ளைகள் கையில் வண்ண வண்ணமாகப் புழங்கிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை 2025 ஜூனில் தடைசெய்தது.

"சிகரெட்டை விற்கவிட்டு இதைத் தடுப்பது நியாயமா?" என்று கேட்டிருந்தீர்கள். உடல்நலக் கணக்கில் நியாயமே இல்லை. அதிகத் தீங்கானது கடையில் கிடைக்கிறது, குறைந்த தீங்கானது குற்றம். ஆனால் சிகரெட் வேரூன்றியபோது அது கொல்லும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது பிடுங்க முடியவில்லை. இன்னொன்றை வேரூன்ற விடாமல் தடுப்போம் என்று ஒரு அரசு நினைப்பதை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். வயதைக் கேட்காமல் யாருக்கும் எதையும் விற்கிற கடைகள் நிறைந்த நாட்டில், 18 வயது விதி காகிதத்தில்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொன்ன கணக்கு: 34 நாடுகள் விற்பனையைத் தடைசெய்திருக்கின்றன; 88 நாடுகளில் வாங்கும் வயதுக்கு வரம்பே இல்லை; 74 நாடுகளில் எந்த ஒழுங்குமுறையும் இல்லை. தடையைவிட எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி 74-தான்.

தடைபோட்ட அரசுகளிடம் என் குறை வேறு. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இலவச ஆலோசனை, மலிவான மாத்திரை, போன் செய்தால் எடுக்கும் உதவி எண், இவையெல்லாம் தடைச் சட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டியவை. தடைச் சட்டம் ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. இவை வரத்தான் வருடக்கணக்காகின்றன.

இனி உங்கள் விஷயம். கண் விழித்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால், நிகோட்டின் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று பொருள். சூயிங்கம் எரிந்தது என்றீர்கள். கேட்காமலே சொல்லிவிடுவேன்: சாதாரண பபுள்கம் மாதிரி விடாமல் மென்று, ஊறிய எச்சிலை விழுங்கியிருப்பீர்கள். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். விழுங்கினால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் எரிச்சலும் விக்கலும்தான் வரும். மூளைக்குக் கொஞ்சமே போய்ச் சேரும். மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்த மாதிரி ஒரு காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, மறுபக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். காபி, பழச்சாறு குடித்து கால் மணி நேரத்துக்குள் போடாதீர்கள், உறிஞ்சப்படாது. காலையில் எழுந்ததும் பிடிக்கிறவருக்கு 4 மில்லிகிராம் வேண்டும். 2 மில்லிகிராம் போதாது. அதையும் ஆசை எழும்போது மட்டும் போட்டால் பயனில்லை. முதல் சில வாரம் ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒன்று என்று கணக்காகப் போட வேண்டும்.

இதிலும் ஒரு படி மேலே, பேட்சும் சூயிங்கமும் சேர்த்து. ஒரு பாக்கெட் பிடிப்பவருக்கு 21 மில்லிகிராம் பேட்ச் நாள் முழுக்க அடித்தளமாக இருக்கும்; திடீரென்று எழும் ஆசைக்கு சூயிங்கம். தனித்தனியாகப் போடுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் நிலையில் நான் முதலில் எழுதக்கூடியது வரெனிக்லின் மாத்திரை. மூளையில் நிகோட்டின் போய் ஒட்டும் அதே இடத்தில் (ஏற்பி என்போம்) இது போய் ஒட்டிக்கொண்டு, அதைப் பாதியளவு மட்டும் தூண்டும். அதனால் ஆசை தணியும், மீறிப் பிடித்தாலும் ருசிக்காது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிட வேண்டும். 2023-ல் காக்ரேன் குழு எல்லா வழிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, இ-சிகரெட், வரெனிக்லின், புகையை நிறுத்த உதவும் இன்னொரு மருந்தான சைட்டிசின் மூன்றும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து நின்றன. உங்கள் கேள்விக்கு நான் தரும் பதிலின் மையமே இதுதான். வேப்பால் கிடைக்கக்கூடிய அதே பலன், அளவு தெரிந்த, சோதித்து அங்கீகரித்த, மூன்று மாதத்தில் முடிந்துபோகிற ஒரு மாத்திரையிலும் கிடைக்கிறது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் வரெனிக்லின், நிகோட்டின் மாற்று மருந்துகள் (பேட்ச், சூயிங்கம் போன்றவை), புப்ரோபியான் என்ற மாத்திரை, சைட்டிசின் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. அந்தப் பட்டியலில் இ-சிகரெட் இல்லை.

மாத்திரையால் மனம் குலையும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2016-ல் வெளியான பெரிய ஆய்வு அந்தப் பயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவைத்தது; அதன்பின் அமெரிக்காவில், மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட்டிருந்த அந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டார்கள். குமட்டலும் விசித்திரமான கனவுகளும் வரலாம். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் முடியவில்லை என்றால்? எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டம் அனுமதிக்கும் இடமென்றால், வேப்புக்கு மாறுவதை நான் தடுக்க மாட்டேன். சிகரெட்டில் தொடர்வதைவிட அது மேல். ஆனால் முழுவதும் மாற வேண்டும். ஒரு பையில் வேப், இன்னொரு பையில் சிகரெட் பாக்கெட் என்று என் எதிரில் வந்து உட்கார்ந்து, "பாதியாகக் குறைத்துவிட்டேன் டாக்டர்" என்கிறவர்கள் நிறைய. குறைத்ததில் அவர்கள் எதிர்பார்க்கும் லாபம் இதயத்துக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு உண்டாகும் கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி இருக்கிறது என்று 2018-ல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே சிகரெட்டுக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். அது நிலைத்தபின் நிகோட்டின் அளவைப் படிப்படியாக இறக்கி, வேப்புக்கும் ஒரு கடைசித் தேதி வையுங்கள். திரவக் குப்பி சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொஞ்சம் விழுங்கினாலே ஆபத்து.

தடை உள்ள நாடென்றால், வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கள்ளத்தனமாக வரும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. 2019-20-ல் அமெரிக்காவில் வேப்பிங்கால் நுரையீரல் பாதித்து 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம், முறைசாரா வழியில் வாங்கிய கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். சாதாரண நிகோட்டின் வேப்பையும் அதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் யார் கலந்தது என்று தெரியாத திரவத்தை நுரையீரலுக்குள் இழுத்தால் என்ன ஆகலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். பழைய சூயிங்கம் அட்டை மிச்சம் இருந்தால் எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம் என்று அவர் பார்க்கட்டும். சிறுநீரகக் கோளாறு உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா, மனநலத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பலவீனமானால் வரெனிக்லின் அளவைக் குறைக்க வேண்டும்; வலிப்பு உள்ளவருக்குப் புப்ரோபியான் கூடாது. புகையை நிறுத்தியதும் சில மாத்திரைகளின் அளவையும் மாற்ற வேண்டிவரும். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறையாவது மறுபடி போய்ப் பாருங்கள். சறுக்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது அந்த நாட்களில்தான்.